பாம்புக் கூண்டுக்குக் கண்ணாடிக் கதவு: மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லை

பாம்பு வளர்க்கிறதுக்கும் பர்சனல் ஃபைனான்ஸுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. நிறைய இருக்கு. பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டுப் பாம்பு நல்லா பார்த்துக்கிட்டா 20 வருஷத்துக்கு மேல வாழும். அதாவது, ஹோம் லோனுக்குச் சமமான ஒரு கமிட்மெண்ட். சாப்பாடு, கரண்ட், டாக்டர் எல்லாம் சேர்த்து மாசம் 800 ரூபாய்னு ஒரு கணக்குக்கு வெச்சுக்கோங்க. 20 வருஷத்துக்கு ரூ.1,92,000. அதே 800 ரூபாயை எஸ்ஐபி-ல போட்டு 10 சதவீதம் வளர்ந்தா சுமார் 6 லட்சம். இதைக் கேட்டும் "எனக்குப் பாம்பு வேணும்"னு சொல்றீங்கன்னா, உங்க காசு, உங்க விருப்பம். நான் தடுக்க மாட்டேன். ஆனா கூண்டை நீங்களே செய்யப் போறீங்கன்னா, அதோட கதவைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.

அதுக்கு முன்னாடி பேப்பர். நம்ம நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்க்க முடியாது. நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு எல்லாம் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது. மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கு. 3 முதல் 7 வருஷம் வரை சிறை, குறைஞ்சது ரூ.25,000 அபராதம். நம்ம தூத்துக்குடிப் பக்கம் வலையில் கடல் பாம்பு மாட்டி வரும். அது விஷப் பாம்பு, தொட்டியில் போட்டு அழகு பார்க்கிற சாமான் இல்லை. பால் பைத்தான் வெளிநாட்டுப் பாம்புதான், ஆனா அது சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறதால 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நாலாவது அட்டவணைக்குள்ள வருது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகள்படி பரிவேஷ் 2.0 போர்ட்டலில் அதைப் பதிவு செய்யணும். புதுசா கைக்கு வந்தா 30 நாளுக்குள்ள.

"ஃப்ரெண்டு கிட்ட இருந்து கம்மி விலைக்கு வாங்கினேன், பில் எல்லாம் இல்லை" என்கிறவங்க ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. 2023 ஜூலை கடைசியில் கோலாலம்பூரில் இருந்து திருச்சி ஏர்போர்ட்டில் வந்து இறங்கின ஒரு பயணியோட பெட்டியில் 47 மலைப்பாம்புக் குட்டிகளும் 2 பல்லிகளும் பிடிபட்டது. சந்தையில் சல்லிசா கிடைக்கிற பாம்புக்குப் பின்னாடி இப்படி ஒரு பெட்டி இருக்க வாய்ப்பு அதிகம். பதிவு இல்லாத பாம்புக்கு நீங்க செய்யற கூண்டு, பட்டா இல்லாத இடத்தில் கட்டுற வீடு.

சரி, பேப்பர் பக்கா. இப்போ கதவு.

கூண்டை வீட்டிலேயே செய்யறது நல்ல முடிவுன்னுதான் நான் சொல்வேன். பெட்டி செய்யத் தெரிஞ்ச ஒரு ஆசாரி போதும். ஸ்லைடிங் கண்ணாடிக் கதவும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. மொபைல் கடை, ஃபேன்ஸி ஸ்டோர் கவுண்டரில் முன்னும் பின்னும் தள்ளுற ரெண்டு கண்ணாடி பார்த்திருப்பீங்களே, அதேதான். மேலே ஒரு டபுள் டிராக், கீழே ஒரு டபுள் டிராக், ரெண்டு கண்ணாடி, நடுவில் ஒரு ஷோகேஸ் லாக்.

ஆனா பெட்டியை முடிச்சு, பெயின்ட் அடிச்சு, உள்ளே செடி கொடி எல்லாம் வெச்ச பிறகு கை காலியாகி, "கதவுக்குச் சாதாக் கண்ணாடி போதும்ப்பா"ன்னு சொல்றதுதான் பெரும்பாலும் நடக்குது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள் அகலம் 1,200 மி.மீ., அதாவது நாலடிக் கூண்டு. ரெண்டு கண்ணாடியும் நடுவில் 40 மி.மீ. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கணும். அப்போ ஒரு கண்ணாடியோட அகலம், 1,200-ஐயும் 40-ஐயும் கூட்டிப் பாதி, 620 மி.மீ. உயரம் 441 மி.மீ. ரெண்டும் சேர்ந்து ஏறக்குறைய 6 சதுர அடி. சாதாக் கண்ணாடிக்கும் டஃபண்ட் கண்ணாடிக்கும் சதுர அடிக்கு 60 ரூபாய் வித்தியாசம்னு வெச்சாலும் மொத்த மிச்சம் 360 ரூபாய். 20 வருஷச் செலவில் 360 ரூபாய்!

சாதாக் கண்ணாடி உடைஞ்சா கத்தி மாதிரி நீள நீளமா உடையும். டஃபண்ட் சின்னச் சின்ன மணியா உதிரும். வீட்டில் குழந்தை இருந்தா இதுக்கு மேல விவாதமே வேண்டாம். 5 மி.மீ. தடிமன் போதும். ஒரு கண்ணாடி கிட்டத்தட்ட மூணரை கிலோ வரும். ஓரம் பாலிஷ் பண்ணித்தான் வாங்கணும்.

டஃபண்ட் கண்ணாடியில் ஒரு சிக்கல் இருக்கு. அதை டஃபன் பண்ணின பிறகு வெட்ட முடியாது, ஓட்டை போட முடியாது. ஒரு மி.மீ. கூடிப் போனாலும் புதுசா வாங்க வேண்டியதுதான். அதனால பெட்டி முழுசா முடிஞ்சு, டிராக் ஒட்டின பிறகு அளவு எடுங்க. இடது ஓரம், நடு, வலது ஓரம், மூணு இடத்தில் அளந்து, எது குறைவோ அதை எடுத்துக்கோங்க. ஆசாரி பேப்பரில் எழுதின அளவை நம்பிக் கடைக்குப் போகாதீங்க.

உயரக் கணக்கு இப்படி: மேல் டிராக்கோட பள்ளம் ஆழமா இருக்கும், கீழ் டிராக் ஆழம் குறைவு. கண்ணாடியை முதல்ல மேலே நுழைச்சுத் தூக்கி, அப்புறம் கீழே இறக்கணும். மேல் பள்ளம் 14, கீழ் பள்ளம் 6, ரெண்டு பள்ளத்து அடிக்கும் நடுவில் 450 மி.மீ.ன்னா கண்ணாடி 441. தூக்கினா 9 மி.மீ. இடம் கிடைக்கும், கீழ்ப் பள்ளத்தைத் தாண்டி வந்துடும். இறக்கின பிறகும் மேலே 5 மி.மீ. உள்ளேயே இருக்கும். இந்த ஒரு கணக்கு தப்பினா ஒண்ணு கண்ணாடி உள்ளே போகாது, இல்லை கழண்டு விழும்.

கீழ் டிராக்கைத் தரையோட தரையா வைக்காதீங்க. நாலு அங்குலம் உயரத்துக்கு ஒரு பலகை நிறுத்தி, அதுக்கு மேல வைங்க. இல்லைன்னா உள்ளே போடுற தேங்காய் நார்த் தூள் எல்லாம் பள்ளத்தில் அடைஞ்சு கதவு நகராது. நகராத கதவை முக்கால்வாசி மூடிட்டுப் போயிடுவீங்க, அங்கதான் பாம்பு தப்பிக்கும். அப்புறம் ரெண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சந்து வரும். குட்டிப் பாம்புக்குத் தலை நுழைஞ்சா உடம்பும் நுழையும். அந்தச் சந்துக்கு ஒட்டுற பிரஷ் ஸ்ட்ரிப் கிடைக்கும், அலுமினியம் ஜன்னல் செய்யற கடையில் கேளுங்க. லாக் கட்டாயம். பாம்பு கண்ணாடியைத் தூக்காது, ஆனா ராத்திரி முழுக்க மூக்கால நெட்டி நெட்டிப் பக்கவாட்டில் தள்ளிடும்.

தப்பிச்சா என்ன ஆகும்? பால் பைத்தான் குட்டையா, தடிமனா, பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டா இருக்கும். பக்கத்து வீட்டுக்காரங்க கண்ணுக்கு அது கண்ணாடி விரியன். தீயணைப்புத் துறைக்குப் போன் போறதுக்கு முன்னாடி கம்பு வந்துடும். பாம்பும் போச்சு, தெருவில் உங்க பேரும் போச்சு.

நம்ம ஊர் உப்புக் காத்து

யூடியூபில் பார்க்கிற வெளிநாட்டு வீடியோ எதுவும் முத்துக்குளித்துறைக் கடற்கரையை நினைச்சு எடுத்தது இல்லை. இங்க பேரிங் ரோலர் வெச்ச டிராக் வாங்காதீங்க, துருப்பிடிச்சு இறுகிடும். மூணரை கிலோ கண்ணாடிக்கு ரோலரே தேவையில்லை. பிவிசி டிராக்கில் வழுக்கிட்டுப் போகும். ஸ்க்ரூவுக்கு 316 கிரேடு எஸ்எஸ் கிடைச்சா நல்லது.

மரம் அதைவிட முக்கியம். கதவு இறுகுதுன்னா பெரும்பாலும் கண்ணாடி மேல தப்பு இல்லை, பலகை ஊதி இருக்கும், இல்லை மேல் பலகை நடுவில் தொய்ஞ்சிருக்கும். நாலடி அகலத்துக்கு 18 மி.மீ. பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை. மேல் டிராக்குக்குப் பின்னாடி ஒரு சட்டம் நிறுத்தி அடிச்சா தொய்யாது. துறைமுக ஊர்னா பழைய பேக்கிங் மரம் மலிவா கிடைக்கும், எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனா வாங்குமுன் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரையைத் தேடுங்க. ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை அது. ஹெச்.டி.ன்னு இருந்தா சூடு காட்டின மரம். எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதைப் பாம்புக் கூண்டுக்குத் தொடாதீங்க.

நாலு பக்கமும் கண்ணாடி வேண்டாம். முன்பக்கம் மட்டும் போதும். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல ஆரம்பிச்ச இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் விஷம் எடுக்கப் பாம்புகளை வெச்சிருக்காங்க. மண் பானையில், வாயைத் துணியால கட்டி. பாம்புக்கு இருட்டும் ஒதுக்கமும்தான் நிம்மதி, கண்ணாடி நமக்காக. காசும் அதில் மிச்சம், பாருங்க!

வெளிநாட்டில் கூண்டைச் சூடாக்கக் கரண்ட் செலவு. இங்க தலைகீழ். பால் பைத்தானுக்குக் கூண்டோட ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி போல வேணும். மே மாசத்தில் வெளியே 36, 37 அடிக்கிற ஊரில் அந்த 26-க்கு எங்க போறது? மேற்கு வெயில் விழற சுவரோரம் கண்ணாடிக் கூண்டை வெச்சா அது அடுப்பு. ஏசி ரூமில் வைக்கணும்னா அந்த பில்லையும் நான் மேலே சொன்ன 800-ல சேர்த்து, கணக்கை மறுபடி போடுங்க. தெர்மோஸ்டாட் இல்லாம ஹீட் பல்ப் போடவே கூடாது.

இன்னொண்ணு. 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடியில் எத்தனையோ வீட்டில் தரைத்தளம் முழுக்கத் தண்ணி. நல்லா மூடி, பூட்டின கூண்டு தரையில் இருந்தா உள்ளே இருக்கிற உயிருக்கு வழியே கிடையாது. அதனால கூண்டுக்கு ஒரு ஸ்டாண்ட், குறைஞ்சது மூணடி உயரம். மேல தூக்கிட்டுப் போக ஒரு கெட்டியான காட்டன் பை, வாய் கட்டக் கயிறோட, கூண்டுக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். ஷோகேஸ் லாக்குக்கு ரெண்டு சாவி தருவாங்க. ஒண்ணு உங்க கிட்ட, இன்னொண்ணு எங்க இருக்குன்னு வீட்டில் இன்னொரு ஆளுக்குத் தெரியணும்.