சீசரின் பட்டியலும் திருச்சபையின் மௌனமும்

ஜெயங்கொண்டம் சட்டமன்றத் தொகுதி, சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. சிதம்பரம் தனித்தொகுதி. ஜெயங்கொண்டத்துத் தலித் கிறிஸ்தவர் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடலாம், கொடி கட்டலாம், வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்கலாம். வேட்பாளராக மட்டும் நிற்க முடியாது. அதே தெருவில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகன் இந்து என்று சான்றிதழ் வைத்திருந்தால் நிற்கலாம். தெரு ஒன்று, சாதி ஒன்று, ஊர் தரும் அவமானமும் ஒன்று. வேறுபாடு ஞானஸ்நானம் மட்டும்தான்.

இதற்குக் காரணம் 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது அது. பிறகு 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் சாதியின் பேரால் தாக்கப்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்குத் துணை வராது.

'சாதி இல்லாத மதத்துக்குப் போனவர்களுக்கு எதற்கு இடஒதுக்கீடு?' என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டது: மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே?

ஆதாரம் திருச்சபையிடம் இருக்கிறது. ஜெயங்கொண்டம் அடங்கியுள்ள அதே கும்பகோணம் மறைமாவட்டத்தில்தான் திருச்சி மாவட்டத்துக் கோட்டப்பாளையம் பங்கும் இருக்கிறது. கல்லறையிலும் திருவிழாவிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று அந்தப் பங்கின் தலித் கத்தோலிக்கர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். மனு தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 பிப்ரவரியில் அது நோட்டீஸ் அனுப்பியது. ஆயரிடம் கிடைக்காத நீதியைச் சீசரிடம் தேட வேண்டியிருக்கிறது. அந்தச் சீசரோ, 'கிறிஸ்தவத்தில் சாதி கிடையாதே' என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டு அதிகாரங்களும் ஒன்றையொன்று காப்பாற்றுவது இப்படித்தான். சபை தன் சாதியை ஒத்துக்கொள்ளக் கூச்சப்படுகிறது. அந்தக் கூச்சமே அரசுக்குச் சாக்காகிறது.

ஆளும் அதிகாரம் கடவுளால் வந்தது, அதற்குக் கீழ்ப்படியுங்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 13ஆம் அதிகாரத்தைப் பிரசங்க மேடையில் அடிக்கடி கேட்கிறோம். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசுக்கு முட்டுக்கொடுத்ததும் இதே அதிகாரம்தான். அங்கிருந்த இறையியலாளர்கள் 1985இல் கைரோஸ் ஆவணத்தை வெளியிட்டு, இதை 'அரசு இறையியல்' என்று பெயர் சொல்லியே கண்டித்தார்கள். நிறவெறியைக் கண்டிப்பதாகச் சொல்லிக்கொண்டே நீதியைக் கேட்காமல் சமாதானம் பேசிய சபைகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு நாணயத்தை வாங்கி, இதில் இருப்பது யாருடைய உருவம் என்று கேட்டார். சீசரின் உருவம் பொறித்தது சீசருக்குப் போகட்டும். மனிதரிடம் இருப்பது கடவுளின் சாயல் என்கிறது அதே வேதம். அப்படியென்றால் ஒரு மனிதர் எந்த மதத்தில் இருந்தால் அவருடைய வலி வலியாகும் என்று தீர்மானிக்கச் சீசருக்கு உரிமையில்லை. எந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவரைப் புதைப்பது என்று தீர்மானிக்கச் சபைக்கும் உரிமையில்லை.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசு அதை ஏற்க வேண்டும். ஆனால் கோரிக்கை டெல்லியை நோக்கி மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு பங்கிலும் எத்தனை கல்லறை, தேர் எந்தத் தெருவரை போகிறது, திருவிழாக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதை மறைமாவட்டங்கள் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். நீதிமன்றம் கேட்ட ஆதாரம் அதுதான். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10இல் ஏற்றும் கறுப்புக் கொடியில் ஒன்றை, ஆயர்கள் தங்கள் கல்லறைச் சுவர்மீதும் ஏற்றட்டும்.