சொல் தடைப்பட்டோரும் ஆய்வுக் களமும்

மாந்தர்தம் வாழ்வை எண்ணிக்கையால் அளக்காமல், அவர்தம் வாய்மொழி கொண்டே அறிய முற்படுவது பண்புசார் ஆய்வு. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அவ்வாய்வு பெரிதும் தொலைபேசிக்கும் காணொளிக்கும் இடம் பெயர்ந்தது. பயணம் குறைந்தது, தொலைவு சுருங்கியது. வரவேற்கத்தக்கதே. ஆயின், இம்மாற்றத்தால் வெளியே நின்றுவிட்டோர் எவர் என நாம் எண்ணிப் பார்த்தோமா?

பக்கவாதத்துக்கு ஆளாவோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ‘அஃபேசியா’ எனும் மொழியிழப்பு நேர்கிறது. இஃது அறிவின் இழப்பன்று; எண்ணம் உள்ளிருக்க, அதனைச் சுமக்கும் சொல் கிட்டாத நிலை. திக்கிப் பேசுவோரும், குரல்வளை நீக்கப்பெற்றோரும் வேறு வகையில் இவ்விடர்ப்பாட்டை அறிவர். ‘தெளிவாகப் பேசுவோர் மட்டும்’ என்னும் ஒரு விதியால் ஆய்வாளர் இவர்கள் அனைவரையும் விலக்கிவிடுகின்றனர். பக்கவாதத்துக்குப் பிந்தைய வாழ்வைப் பற்றிய ஆய்வே மொழியிழந்தோரை விலக்குமாயின், அதன் முடிவு யாருக்குப் பயன்படும்?

1861இல் பாரிசு நகரில் மருத்துவர் பால் புரோக்கா ஆராய்ந்த லெபோர்ஞ் என்பார், ‘டான்’ என்னும் ஓரசையையே பெரிதும் மொழிந்தார். எனினும், தாம் மருத்துவமனையில் கழித்த காலத்தை விரல்களை விரித்தும் மடக்கியும் அவர் உணர்த்தினார். அன்று இடையில் தொலைபேசி இருந்திருப்பின், கேட்டிருக்கக்கூடியது அவ்வோரசை மட்டுமே! ‘ஊமை கண்ட கனவு’ என நம்மவர் கூறுவதுண்டு. கனவு கண்டவரிடத்தன்று, கேட்பவரிடத்தேயே குறை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

தொலைவழி ஆய்வே தீது என்பது நம் கருத்தன்று. நடக்க இயலாதார்க்கு அது வாயிலைத் திறக்கிறது. திக்கிப் பேசுவோர் சிலர்க்கு எழுத்துவழி உரையாடலே எளிது. வேண்டுவது ஒரே வழியைத் திணியாது, தெரிவை அவரிடமே விடுதல். வினாக்களை முன்னரே அனுப்பலாம்; முகமும் கையும் தெரியும்படி காணொளியை அமைக்கலாம்; படங்களைத் துணைக்கொள்ளலாம்; ஒரு நேர்காணலைச் சில நாட்களுக்குப் பகிரலாம். ஒப்புதல் படிவத்தையும் எளிய சொற்களாலும் படங்களாலும் விளக்குதல் வேண்டும்.

உறவினர் விடையளித்தால் போதாதா எனச் சிலர் வினவுவர். போதாது. உதவுதல் வேறு, மாற்றாகப் பேசுதல் வேறு. ஆய்வாளர் எடுத்துக்கொடுக்கும் சொற்கள் விடையைத் திரித்துவிடுமே என்னும் ஐயம் இதனினும் வலிது. அதற்கு மருந்து விலக்குதலன்று, வெளிப்படையே. எடுத்துக்கொடுத்த சொல்லையும், இடைப்பட்ட மௌனத்தையும், கைக்குறிப்பையும் எழுத்துப்படியில் பதிந்து, ‘யாம் புரிந்துகொண்டது சரிதானா?’ என அவரிடமே உறுதி செய்தல் வேண்டும். கனடாவின் டொராண்டோ நகரில் ஆரா கேகன் 1990களில் வளர்த்த துணைநிலை உரையாடல் முறை, பயின்ற துணை கிடைப்பின் மொழியிழந்தோரும் தம் கருத்தை உணர்த்துவர் என்பதைக் காட்டியது.

நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் தன் 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. சட்டம் ஏற்றோரை ஆய்வேடு புறக்கணித்தல் முறையோ? காலமும் பொருளும் சற்று மிகுதியாகலாம். ஆய்வுத் திட்டம் தீட்டும்போதே நெறியாளர் அதற்கு இடமளித்தல் வேண்டும். வழக்காறும் வரலாறும் தொகுக்கப் புறப்படும் நம் மாணவர், சரளமாகப் பேசுவோரிடம் மட்டும் செவிசாய்த்துத் திரும்பலாகாது. காத்திருந்து கேட்பதும் ஆய்வாளர்க்குரிய புலமையே.