எலி வளர்ப்போம், எண்ணி வளர்ப்போம்

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. சொந்த வீட்டின் அருமையை உணர்த்தச் சொன்னது அது. ஆனால் இதை எலியிடம் கேட்டால் அது ஒப்புக்கொள்ளாது. எலி தனித்து வாழும் பிராணி அன்று. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உறங்கி, ஒன்றையொன்று நக்கித் துப்புரவாக்கி, கூடி வாழும் இனம். ஆகவேதான் செல்லப்பிராணியாக எலி வளர்க்க விரும்புவோர் இரண்டாக வாங்க வேண்டும் என்கிறார்கள். அந்த இரண்டில் ஒன்று ஆணாகவும் மற்றொன்று பெண்ணாகவும் இருந்துவிட்டால் என்ன ஆகும்? அந்த அனுபவம் எங்கள் வீட்டில் நேர்ந்தது. அதிலிருந்து நான் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

“எலியைப் போய் யாராவது வளர்ப்பார்களா?” என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் பிறந்து வளர்ந்தவன். ‘ஜெலாப்பாங்’ என்றால் மலாய் மொழியில் நெற்களஞ்சியம். களஞ்சியம் இருந்தால் எலியும் இருக்கும், எலியைத் தின்னக் கூகையும் வரும். அதனால்தானோ என்னவோ, கூகைக்கு மலாயில் ‘புங்குக் ஜெலாப்பாங்’ என்று பெயர். பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்களில், இந்தக் கூகைக்கென்று கம்பத்தில் பெட்டி கட்டி வைத்து எலியைக் கட்டுப்படுத்துவார்கள். என் அப்பா தோட்டத்துப் பிள்ளை. எலி என்றதும் அவருக்குப் பொறியும் மருந்தும் கூகையும்தான் நினைவுக்கு வரும்.

அந்த வீட்டுக்குள்தான் 2022ஆம் ஆண்டு என் தம்பி இரண்டு வெள்ளை எலிகளைக் கொண்டு வந்தான். “இரண்டும் பெண்தான்” என்று கடையில் சொன்னார்களாம். ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலையில் கூண்டின் மூலையில் இளஞ்சிவப்பு நிறத்தில் பதினொரு குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் வந்து பார்த்தார்கள். அம்மா கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார். மறுநாளே தம்பி ஆணைப் பிடித்து வேறு கூண்டில் விட்டான். பொறுப்பாகத்தான் நடந்துகொண்டோம் என்று நினைத்தோம். நான்கு வாரத்தில் அதே தாய் மேலும் ஒன்பது குஞ்சுகளை ஈன்றது. ஆகஸ்டு மாதம் முதல் ஈற்றுப் பெண்களில் மூன்று தாயாகி இருபத்தொரு குஞ்சுகளை ஈன்றன. இரண்டு நாற்பத்து மூன்று ஆகிவிட்டது.

எங்கே தவறினோம்? பெண் எலி குஞ்சு ஈன்ற இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்ளேயே மீண்டும் கருத்தரிக்க வல்லது. நாங்கள் ‘மறுநாளே’ பிரித்தது காலங்கடந்த செயல். அடுத்து, எலிக்குஞ்சு ஐந்தாறு வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுகிறது. நம் கண்ணுக்கு அது இன்னும் குழந்தை. அண்ணன் தங்கை என்று நாம் முறை வைத்துப் பேசுகிறோம். அதற்கு அந்த முறையெல்லாம் தெரியாது.

இனி நான் சொல்லப் போவது பெருமைக்குரியதன்று. விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திரும்ப இரண்டு நாள் இருந்தது. கூண்டு நாறியது, அம்மா சலித்துக்கொண்டார். நான் பன்னிரண்டு இளம் எலிகளை ஓர் அட்டைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போய், எங்கள் தாமானுக்குப் பின்னால் பெரிய கால்வாயை ஒட்டியிருந்த புதரில் விட்டேன். விடுதலை கொடுத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலையில் கால்வாய் ஓரத்தில் காகங்கள் கூடியிருந்தன. வெள்ளை நிறம் தூரத்திலேயே தெரிந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: “நான் தோட்டத்துல எத்தனையோ எலியக் கொன்னிருக்கேன். பொறியில அடிபட்டா ஒரு நொடியில போயிடும். நீ செஞ்சது அதவிடக் கொடுமடா.”

எலியை வெறுக்கும் அவர், எலி மீது அன்பு கொண்டதாகச் சொன்ன என்னைவிட எலிக்கு நியாயமாக இருந்தார். கணக்குத் தெரியாத அன்பு கொடுமையில்தான் முடியும். இக்கட்டுரையின் சாரமும் அதுவே.

கூண்டில் பிறந்த எலி காட்டு எலி அன்று. கடையில் விற்கும் செல்ல எலி, பழுப்பு எலி இனத்திலிருந்து மனிதரால் பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனில் ஜேக் பிளாக் என்ற எலி பிடிப்பவர், பிடிபட்டவற்றுள் நிறம் மாறியவற்றைத் தனியே வளர்த்து விற்றார். 1901இல் இங்கிலாந்தின் ஐல்ஸ்பரி நகரில் நடந்த கண்காட்சியில் மேரி டக்ளஸ் என்ற பெண்மணி எலிகளைக் காட்சிக்கு வைத்துப் பரிசு பெற்றார். ஆய்வுக்கூடங்களில் இருக்கும் வெள்ளை எலியும் இவ்வினமே. வெள்ளை உடலும் சிவந்த கண்ணும் கொண்ட எலிக்குப் பார்வை மங்கல். ஒளிந்துகொள்ள நிறமும் இல்லை. அதைப் புதரில் விடுவது குழந்தையை நெடுஞ்சாலையில் விடுவதற்குச் சமம்.

சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எலியின் கர்ப்ப காலம் 21 முதல் 23 நாள். ஓர் ஈற்றில் எட்டு, பத்து, பன்னிரண்டு குஞ்சுகள் பிறக்கலாம். முதல் ஈற்றில் பத்து, அடுத்ததில் பத்து, முதல் ஈற்றின் ஐந்து பெண்களும் ஆளுக்கு எட்டு என்று வைத்துக்கொண்டால், மூன்றே மாதத்தில் அறுபதைத் தாண்டிவிடும். ஓர் எலியின் ஆயுள் இரண்டு முதல் மூன்றாண்டு. அறுபது உயிருக்கு மூன்றாண்டு உணவும் இடமும் மருத்துவமும் யார் தருவது? இக்கேள்விக்கு விடை இல்லாதவர் ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைக்கவே கூடாது.

அப்படியானால் யாருமே குஞ்சு எடுக்கக் கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. செய்வதை முறையாகச் செய்ய வேண்டும் என்கிறேன். தாய் நான்கு மாதத்துக்குக் குறையாத, நல்ல உடல்நலமுள்ள எலியாக இருக்க வேண்டும். தும்மலும் மூச்சிரைப்பும் உள்ளவற்றைச் சேர்க்கக் கூடாது. எலிகளிடையே நுரையீரல் நோய் மிகுதி, அது தாயிடமிருந்து குஞ்சுக்கும் தொற்றும். குஞ்சு பிறப்பதற்கு முன்பே, பிறந்த பிறகன்று, ஆணைப் பிரித்துவிட வேண்டும். பிரித்த ஆணும் தனியே வாடக் கூடாது. அதற்கு இன்னோர் ஆண் துணை வேண்டும். தாய்க்கு அமைதியான மூலையில் ஒரு பெட்டியும், கிழித்த வெள்ளைத் தாளும் போதும். அதுவே கூடு கட்டிக்கொள்ளும். பைன், தேவதாரு மரச்சீவலைப் போடக் கூடாது. அதன் நெடி மூச்சுக்குழலைப் பாதிக்கும். பாலூட்டும் காலத்தில் வழக்கமான தீனியோடு அவித்த முட்டை, வேகவைத்த பருப்பு, மீன் போன்ற சத்துணவு வேண்டும்.

குஞ்சு பிறக்கும்போது கண்ணும் காதும் மூடியிருக்கும். உடலில் முடி இராது. பால் குடித்த குஞ்சின் வயிற்றில் வெள்ளைப் பட்டை ஒன்று தோலுக்கு உள்ளே தெரியும். அது தெரிந்தால் தாய் பாலூட்டுகிறது என்று மனநிறைவு கொள்ளலாம். முதல் நாட்களில் அடிக்கடி கூட்டைக் கலைத்துப் பார்க்கக் கூடாது; மிரண்ட தாய் குஞ்சைத் தின்றுவிடுவதும் உண்டு. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கண் திறக்கும். அந்நாட்களில் நாள்தோறும் சிறிது நேரம் கையில் எடுத்துப் பழக்கினால் மனிதரைக் கண்டு அஞ்சாது. மூன்றாம் வாரம் திட உணவைக் கொறிக்கத் தொடங்கும். ஐந்து வாரம் நிறையும் முன்பே ஆண்குஞ்சுகளைத் தாயிடமிருந்தும் தங்கைகளிடமிருந்தும் பிரித்தாக வேண்டும். இந்த ஒரு தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தால் எங்கள் வீட்டில் இருபத்தொரு குஞ்சுகள் பிறந்தேயிரா.

தாய் இறந்துவிட்டால் அதே சமயத்தில் பாலூட்டும் வேறொரு தாயிடம் சேர்ப்பதே நல்ல வழி. அதுவும் இல்லையென்றால் பூனைக்குட்டிக்கு உரிய பால்மாவை வெதுவெதுப்பாகக் கரைத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, இரவிலும், சிறு தூரிகையால் துளித்துளியாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றை வருடிச் சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும். தாய் நாவால் செய்வது அது. இவ்வளவும் செய்தாலும் சில பிழைக்கமாட்டா. குஞ்சு எடுக்க விரும்புவோர் இதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

ஈப்போ வெயிலையும் மறந்துவிடக் கூடாது. நண்பகலில் 33 பாகை செல்சியஸைத் தொடும் ஊர் இது. எலிக்கு நம்மைப்போல் வியர்க்காது. வால் வழியாகவே பெரிதும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. தகரக் கூரைக்குக் கீழே, காற்றோட்டமில்லாத பின்கட்டில் கூண்டை வைத்தால் தாயும் குஞ்சும் மடியும். காட்டு எலிகள் கூண்டை அண்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பிரோசிஸ் நோய் நம் நாட்டில் 2010 முதல் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்று. கூண்டைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவது வளர்ப்பவரின் முதல் கடமை.

“ஒரு முறையாவது தாயாகட்டுமே” என்பார் சிலர். தாயாகாத பெண் எலி எதையும் இழந்துவிடுவதில்லை. “பிள்ளைகள் பிறப்பைப் பார்த்துக் கற்கட்டும்” என்பார் வேறு சிலர். எங்கள் தாமான் பிள்ளைகள் ஜூன் மாதம் பிறப்பைப் பார்த்தார்கள்; ஆகஸ்டில் கால்வாயோரக் காகங்களையும் பார்த்தார்கள். இரண்டில் எதை அவர்கள் மறப்பார்கள்? “மனிதரே சோற்றுக்குத் திண்டாடும்போது எலிக்கு என்ன கரிசனம்?” என்பது மூன்றாவது வாதம். காட்டு எலிக்குக் கரிசனம் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நாமே காசு கொடுத்து வாங்கி, நாமே பெருக்கிய உயிருக்கு நாமே பொறுப்பு என்பதுதான் பேச்சு. இந்நாட்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கின் தேவைகளைக் கவனிப்பதை உரிமையாளரின் கடமையாக்கியிருக்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

எஞ்சியிருந்த முப்பத்தொன்றும் என்னவாயின என்று கேட்பீர்கள். தம்பி ஆண் பெண் பார்த்துப் பிரிக்கக் கற்றுக்கொண்டான். மலக்குழிக்கும் சிறுநீர்த் துளைக்கும் இடைவெளி ஆணுக்கு அதிகம், பெண்ணுக்குக் குறைவு. பெண்குஞ்சுக்குப் பத்து நாளில் காம்பு தெரியும். அப்பா பழைய பலகையில் இன்னொரு கூண்டு அடித்துக் கொடுத்தார். நான்கு மாதம் அலைந்து பதினெட்டு எலிகளுக்கு வீடு தேடினோம். ஏழு, பாம்பு வளர்க்கும் ஒருவரிடம் போயின. அதையும் நான் மறைக்கப் போவதில்லை. மற்றவை எங்கள் வீட்டிலேயே வாழ்ந்து முடிந்தன.

மாணவ நண்பர்களே, விடுதி அறையில் இரகசியமாகவோ, வாடகை வீட்டில் வெளிப்படையாகவோ எலி வளர்க்கும் ஆசை உங்களுக்கு இருக்கலாம். நாம் இங்கே படிப்பது மூன்று நான்கு ஆண்டு. தொழிற்பயிற்சிக்கு வேறு ஊர் போவோம், தேர்வு வரும், விடுமுறை வரும். இரண்டு எலிகளை வாங்கும் முன், அத்தனை நாளும் அவற்றைப் பார்த்துக்கொள்வது யார் என்று எண்ணுங்கள். வாங்கினால் ஒரே பாலினமாக, கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாமல் நீங்களே பார்த்து வாங்குங்கள். குஞ்சு எடுத்தே தீருவேன் என்றால், ஆணையும் பெண்ணையும் சேர்க்கும் முன்பே பன்னிரண்டு வீடுகளின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பட்டியல் நிறையாவிட்டால் கூண்டுக் கதவைத் திறக்காதீர்கள். கொடுத்த எலி திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்ளவும் ஆயத்தமாக இருங்கள்.

விநாயகரின் வாகனமாக மூஞ்சூற்றை வணங்கும் நாம், வீட்டுக்குள் வந்த எலியை அடிக்கிறோம். அதில் நான் குறை காண மாட்டேன். அது வாழ்க்கையின் தேவை. ஆனால் கையில் ஏந்தி, பெயர் வைத்து அழைத்த ஓர் உயிரைப் புதரில் விட்டுவிட்டுத் திரும்பி நடப்பது தேவையன்று. நான் அப்படி நடந்தவன் என்பதால்தான் சொல்கிறேன். எலி வளர்ப்போம், ஆனால் எண்ணி வளர்ப்போம்.