மிக்ஸியின் அடியில் எழுதியிருப்பது

மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா கிளம்பும் அம்மாக்களின் பெட்டியில் சாம்பார் பொடி, வடகத்தோடு ஒரு மிக்ஸியும் ஏறிவிடுகிறது. "அங்க பிளக் வேறயாமே" என்று யாராவது சொன்னால், கடைக்குப் போய் ஓர் அடாப்டரும் வாங்கி உள்ளே செருகிவிடுவார்கள். குழப்பமே அந்த அடாப்டரில்தான் தொடங்குகிறது.

அடாப்டருக்குத் தெரிந்தது ஒரே வேலை. நம்மூர் உருண்டைப் பின்னை அந்த ஊர்த் தட்டைத் துளைக்குள் நுழைய வைக்கும். அதோடு சரி. சுவரில் என்ன மின்சாரம் வருகிறதோ அதுவே மிக்ஸிக்கும் போகும். இந்தியாவில் அது 230 வோல்ட், அமெரிக்காவில் 120, ஜப்பானில் வெறும் 100.

மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 750 வாட் என்பதுபோல் இருக்கும். இதை அமெரிக்கச் சமையலறையில் ஓட்டினால் வெடித்துவிடாது, முனகிக்கொண்டே சுற்றும். ஊறிய உளுந்தைப் போட்டால் திணறி நின்றும் போகலாம். அயர்ன் பாக்ஸ், கெட்டில் கதை இன்னும் பரிதாபம். வோல்ட் பாதியானால் சூடும் பாதியாகும் என்றுதான் தோன்றும். உண்மையில் அது கால்வாசிக்கு இறங்கிவிடும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் அங்கே ஏறக்குறைய 270 வாட்தான் தரும். பருத்திச் சட்டையின் சுருக்கம் அசைந்தே கொடுக்காது.

நிஜமான ஆபத்து திரும்பி வரும்போது இருக்கிறது. அமெரிக்காவில் வாங்கிய, 120 வோல்ட்டுக்கு மட்டுமான 1200 வாட் ஹேர் டிரையரை இங்கே செருகினால், அதே கணக்கு தலைகீழாகி 4000 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். கருகல் வாடை வர அதிக நேரம் ஆகாது.

செல்போன், லேப்டாப் சார்ஜர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் எறும்பு எழுத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த வரி இருந்தால் அடாப்டரே போதும்.

வோல்ட்டை ஏற்றித் தர ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மர் உண்டே என்பீர்கள். உண்டு. மிக்ஸியைத் தாங்கும் அளவுக்கு வாங்கினால், இரும்பும் செம்புமாகச் சில கிலோ கனக்கும். அதுவும் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸை நம்முடைய 50 ஆக்காது. மிக்ஸி மோட்டார் இதைப் பொருட்படுத்தாது. வெட் கிரைண்டரின் இண்டக்‌ஷன் மோட்டாரோ ஹெர்ட்ஸுக்கு ஏற்பத்தான் சுற்றும். ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும். என்னைக் கேட்டால், அந்த ஊருக்கென்றே வருகிற 110 வோல்ட் மிக்ஸியை வாங்கிவிடுவது மேல். (ஹெர்ட்ஸ் விஷயத்தில் ஜப்பான் தனிக் கூத்து: டோக்கியோவில் 50, ஒசாகாவில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு நகரம் ஜெர்மன் ஜெனரேட்டரும் மற்றது அமெரிக்க ஜெனரேட்டரும் வாங்கியதன் விளைவு.)

சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் போகிறவர்களுக்கு வோல்ட் கவலை கிடையாது. ஏறத்தாழ நம் மின்சாரம்தான். பின் மட்டும் சதுரம். அங்கே நம்மவர்கள் காட்டும் வித்தை ஒன்று உண்டு. மேல் துளையில் பேனாவை விட்டு அழுத்தி, கீழ்த் துளைகளின் மூடி திறந்ததும் இரண்டு பின் சார்ஜரைத் திணிப்பது. குழந்தைகள் விரலோ கம்பியோ விடாமலிருக்க வைத்த மூடி அது. திணித்த பின் உள்ளே இறுக்கமாகவும் நிற்காது; ஆடி ஆடிச் சூடேறும். அந்த நாட்டு பிளக்குக்குள் ஒரு ஃபியூஸும் இருக்கும். பேனா வித்தையில் அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது.

மூடியை முறையாகத் திறப்பது பிளக்கின் நீளமான எர்த் பின். மலிவு அடாப்டர்கள் சிலவற்றில் அந்தப் பின் வெறும் பிளாஸ்டிக். மூடியைத் திறக்க அது போதும். இரும்பு உடம்புள்ள அயர்ன் பாக்ஸுக்கு எர்த் கொடுக்கப் போதாது.