வேலையை விட்டால் வீடு எங்கே?

“எத்தனை வயதில் வேலையை விட ஆசை?” போன மாதம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் இப்படிக் கேட்டேன். 28 வயது இளைஞர் ஒருவர், “நாற்பத்தைந்து. அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது” என்றார். அடுத்து அழைத்த ஐயா சிரித்தார். “தம்பிக்குச் சொல்லுங்கள், எனக்கு 67. இன்னும் பாதுகாவலர் வேலைக்குப் போகிறேன்.” என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் பாட்டைப் போட்டுவிட்டேன்.

எனக்கும் ஆசை இருக்கிறது. இப்போது 35. ஐம்பதில் முடித்துக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து பாகான் செராய்க்குத் திரும்பிவிட வேண்டும். காலையில் வயல் ஓரமாக நடை, கடைத்தெருவில் பசியாறல், நேரம் பார்க்காத பேச்சு. இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: “ஏன், ஒடம்புக்கு ஏதும் முடியலியா?”

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. கிரியான் வட்டாரத்துக்கு நம்மவர்கள் கரும்புத் தோட்டங்களுக்காக வந்தார்கள், பிறகு ரப்பருக்கு மாறினார்கள். எங்கள் பாட்டி பால்மரம் சீவியவர். விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு நிற்க வேண்டும். கூலியை விடப் பெரிய பிடி ஒன்று இருந்தது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், வேலை நின்றால் வீடும் போய்விடும். வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்தில் பெயர் கொடுத்த பிள்ளைகள் எத்தனை பேர்! அந்த வாழ்க்கையில் ‘ஓய்வு’ என்றால் மூட்டை முடிச்சோடு சடக்குக்கு வருவது. சாகும்வரை உழைத்தார் என்பதை நாம் இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அதில் பாதி பெருமை, மீதி பயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பயத்துக்கு ஒரு பதிலும் நம் பேராக்கிலிருந்தே வந்தது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள், அந்தப் பணத்தில் தோட்டம் வாங்கினார்கள். இன்று இணையத்தில் ‘நிதி விடுதலை’ என்று ஆளுக்கொரு காணொளி போடுகிறார்களே, பத்து வெள்ளி கட்டிய அந்த அம்மாக்களுக்கு அதன் அர்த்தம் இவர்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

சரி, அந்த 45 வயதுக் கனவுக்கு வருவோம். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. இது 2013 ஜூலை முதல் சட்டம். ஆனால் அதற்கு முன்பே நாமாக விலகுவதை யாரும் தடுக்கவில்லை. தடுப்பது சேமநிதிதான். 4,000 வெள்ளி சம்பளம் என்றால் நம் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்த்து மாதம் 960 வெள்ளி போகிறது. 2024 மே மாதத்திலிருந்து அது மூன்றாகப் பிரிகிறது: 720 ஓய்வுக்கணக்குக்கு, 144 செஜாத்ரா கணக்குக்கு, 96 பிளெக்சிபல் கணக்குக்கு. கடைசியில் உள்ளதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். செஜாத்ராவை முழுதாக எடுக்க 50 வயது ஆக வேண்டும். பெரிய தொகைக்கு 55.

ஆகவே 45இல் விலகுகிறவர், மாதம் 2,500 வெள்ளியில் வாழ்ந்தாலும், அந்தப் பத்து ஆண்டுக்கு மூன்று லட்சம் வெள்ளியை வெளியே வைத்திருக்க வேண்டும். விலைவாசி ஏறாது என்ற கற்பனையில் போட்ட கணக்கு இது! ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்தால் போதும் என்ற விதியையும் சிலர் சொல்வார்கள். அது அமெரிக்க ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் போட்ட கணக்கிலிருந்து வந்தது. அவர் கணக்கிட்டது அமெரிக்கச் சந்தையை வைத்து, முப்பது ஆண்டு ஓய்வுக்கு. 45இல் விலகுகிறவர் தொண்ணூறு வரை இருந்தால்?

இன்னொன்றையும் அந்தக் கணக்குகள் கேட்பதில்லை. அப்பா, அம்மாவின் ஓய்வு யார் பொறுப்பு? அப்பா லாரி ஓட்டியவர், பாதிக் காலம் சேமநிதியே இல்லாமல். இருந்த கொஞ்சமும் கோவிட் காலத்தில் எடுத்தாகிவிட்டது. நம் வீடுகள் பலவற்றில் பெற்றோரின் சேமநிதி என்றால் அது பிள்ளைகள்தான். என் கணக்கில் முதல் வரி அவர்களுக்கான மாதம் 600 வெள்ளி. அதை எழுதிவிட்டுத்தான் ஐம்பதா, ஐம்பத்தைந்தா என்று யோசிக்கிறேன்.

இந்தக் கணக்குகளை ஒரு வாரம் பார்த்துவிட்டு ஒரு முடிவு எடுத்தேன். சனிக்கிழமைகளில் கூடுதலாக ஒரு நிகழ்ச்சி செய்துவந்தேன், மாதம் 400 வெள்ளி. பதினைந்து ஆண்டில் 72,000. என் செலவுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் வரும். அதை விடுகிறேன். அப்பாவுக்கு இப்போது 70. எனக்கு ஐம்பது ஆகும்போது அவருக்கு 85. அந்த இரண்டு ஆண்டை ஐம்பதுக்கு மேல் உழைத்து அடைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதத்துச் சனிக்கிழமைகளுக்குப் பாகான் செராய் ரயிலில் இப்போதே இடம் பதிந்துவிட்டேன்.