இயற்பியல் ஆய்வுப் பயிற்சி: மதிப்பெண் மட்டும் போதாது

தஞ்சோங் மாலிம் என்றதும் ஆசிரியர் பயிற்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த உப்சியில் இயற்பியலும் கற்பிக்கப்படுகிறது. அங்கோ வேறு பல்கலைக்கழகத்திலோ இயற்பியல் பயிலும் நம் பிள்ளைகள் ஆய்வாளராக விரும்பினால், நல்ல தேர்ச்சிப் புள்ளி மட்டும் போதாது. முனைவர் பட்டத்திற்கு மாணவர்களைத் தேர்ந்தெடுப்போர், ஆய்வுக்கூட அனுபவம் உண்டா என்றும் பார்க்கிறார்கள். விடுமுறைக்கால ஆய்வுப் பயிற்சிகளுக்குப் போட்டி கடுமையாக இருப்பது அதனால்தான்.

முதல் தடை குடியுரிமை. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆர்.இ.யூ. திட்டத்தில் அந்நாட்டு அரசின் நிதி, அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. இதை அறியாமல் விண்ணப்பித்து நாளை வீணாக்கக்கூடாது.

மலேசியருக்கும் திறந்த கதவுகள் உண்டு. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் கோடைக்காலத் திட்டத்திற்கு, உறுப்பினர் அல்லாத நாடுகளின் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். மூன்றாண்டுப் பல்கலைக்கழகப் படிப்பை முடித்திருக்க வேண்டும். ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகமும், சிங்கப்பூரின் ஏ-ஸ்டார் நிறுவனமும் வெளிநாட்டு மாணவர்களை உதவித்தொகையுடன் ஏற்கின்றன.

இந்த உதவித்தொகைதான் முக்கியம். ஊதியமில்லாப் பயிற்சிக்குக் கோலாலம்பூரில் இரண்டு மாதம் தங்கினால் வாடகை, சாப்பாடு, பயணம் என்று கையிலிருந்து போகும். விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து வீட்டுக்கு உதவும் தோட்டப்புற மாணவருக்கு அந்தச் சம்பளமும் இல்லாமல் போகும். வசதியுள்ளவர் முந்திக்கொள்வது இங்கேதான்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். வகுப்பில் பின்வரிசையில் அமைதியாக இருந்து 'ஏ' எடுத்தவரைப் பற்றி விரிவுரையாளர் என்ன எழுதுவார்? முதலாம், இரண்டாம் ஆண்டிலேயே அவரை அணுகி, சிறிய ஆய்வு வேலை ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டும். கணினி நிரல் எழுதவும் பழக வேண்டும். செர்ன் விண்ணப்பம் வழக்கமாக ஜனவரி இறுதியில் முடிந்துவிடும். ஆகவே நவம்பரிலேயே கடிதம் கேட்பது நல்லது. ஒரே இடத்தை நம்பாமல் பல இடங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நிராகரிப்பு இதில் சாதாரணம்.

சமுதாயத்திற்கும் இதில் வேலை உண்டு. எஸ்.பி.எம். தேர்ச்சிக்குப் பரிசளித்துப் பாராட்டும் பொது இயக்கங்கள், பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் இரண்டு மாத அறை வாடகையை ஏற்கலாம். பரிசுக் கோப்பையைவிட அது அவரை வெகுதூரம் கொண்டுசெல்லும்.