ஆலை போனது, பெயர்ப் பட்டியல் எங்கே?

பழைய கம்பெனி ஆட்கள் ஒன்றுகூடுகிறார்கள் என்றால் பிரியாணி, குரூப் போட்டோ, பழைய மேனேஜரைப் பற்றிய கேலி, அதோடு முடிந்தது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பெரிய நிறுவனங்கள் அப்படி நினைப்பதில்லை. இன்ஃபோசிஸும் டிசிஎஸ்ஸும் முன்னாள் ஊழியர்களுக்கென்றே இணையதளம் நடத்துகின்றன. வேலையை விட்டுப் போனவர் நாளை வாடிக்கையாளராக வரலாம், திரும்ப வேலைக்கே வரலாம், நல்ல ஆளை அனுப்பிவைக்கலாம். அந்தத் தொடர்புக்கு ஒரு விலை உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். கணினி முன்னால் உட்கார்ந்தவருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, கன்வேயர் பெல்ட் முன்னால் நின்றவருக்குக் கிடைப்பதில்லை. உண்மையில் அந்தத் தொடர்பு அதிகம் தேவைப்படுகிறவர் இரண்டாமவர்தான்.

படவேட்டை எடுத்துக்கொள்வோம். ஜவ்வாது மலையடிவாரத்தில், கமண்டல நதிக்கரையில், வாழைக்கும் ரேணுகாம்பாளுக்கும் பெயர்போன ஊர். சம்புவராயர் தலைநகராக இருந்து, 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் படையிடம் வீழ்ந்த பிறகு மண்ணோடும் கோயில்களோடும் மிஞ்சிய ஊர். ஆலைகள் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரோ ஒரகடமோ இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். தினமும் போய்வர முடியாது. ஆலை வேலைக்குப் போகும் பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து ரூம் எடுத்துத்தான் தங்க வேண்டும். ஆலை மூடினால் ரூமும் காலியாகும். ஒருவர் படவேட்டுக்கு, ஒருவர் விழுப்புரம் பக்கம், ஒருவர் அரியலூருக்கு என்று கலைந்துவிடுவார்கள். நகரத்தில் வேலை இழந்தவர் மறுநாள் அதே டீக்கடையில் அதே ஆட்களைப் பார்க்கலாம். ஊர் திரும்பியவருக்கு அது இல்லை.

இதன் விளைவு என்ன என்பதற்குத் தமிழ்நாட்டில் நடந்த பெரிய சான்று நோக்கியா. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை, உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை தந்தது. பெரும்பாலோர் இளம்பெண்கள், முதல் தலைமுறைச் சம்பளக்காரர்கள். வருமான வரி வழக்கில் சிக்கியதால், 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியபோது இந்த ஆலை விடுபட்டது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறினார்கள். அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதியோடு உற்பத்தி நின்றது. இங்கே சட்டத்தின் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அன்று நடைமுறையில் இருந்த தொழிற்தகராறு சட்டத்தின் 25-எச் பிரிவு, ஆட்குறைப்பில் போனவரை, அதே முதலாளி மீண்டும் ஆள் எடுக்கும்போது முன்னுரிமை கொடுத்து அழைக்கச் சொன்னது. ஆனால் அதே சட்டத்தின் வரையறைப்படி விருப்ப ஓய்வு ஆட்குறைப்பு ஆகாது. ஆக, காசோலையை வாங்கிக் கையெழுத்துப் போட்ட அன்றே அந்த உரிமையும் போய்விட்டது. அதே வளாகத்தை சால்காம்ப் என்ற நிறுவனம் வாங்கியிருக்கிறது என்று 2019-இல் அறிவிப்பு வந்தபோது, வந்தது வேறு முதலாளி. பழைய தொழிலாளியைக் கூப்பிட வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியைக்கூட உடன் வேலை செய்தவர் எவராவது சொன்னால்தான் உண்டு.

இதைவிடக் கசப்பான கணக்கு ஓய்வூதியத்துடையது. பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் வேண்டுமென்றால் பத்தாண்டு சேவை வேண்டும். 2006 ஜனவரியில் முதல் நாளே சேர்ந்து கடைசி நாள்வரை இருந்தவருக்கும் நோக்கியாவில் ஒன்பது ஆண்டு நிறையவில்லை. அவர் அந்தத் தொகையை எடுத்துவிட்டால் அத்தனை ஆண்டுகளும் கணக்கிலிருந்து அழிந்துவிடும். எடுக்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த வேலையின் ஆண்டுகளோடு அவை சேரும். செய்யாறு சிப்காட்டில் ஒன்றிரண்டு ஆண்டு வேலை பார்த்தாலே வரம்பைத் தாண்டிவிடலாம். ஒரே ஒரு படிவத்தில் இருக்கிறது வித்தியாசம். இதைச் சொல்ல வேண்டிய எச்.ஆர். அலுவலகம் ஆலையோடு சேர்ந்து போய்விட்டது. கையில் காசில்லாத நேரத்தில் யாராவது 'எடுத்துக்கோ' என்றால் எடுத்துவிடுவார்கள். 'எடுக்காதே, நான் சர்டிபிகேட் வாங்கியிருக்கேன்' என்று சொல்ல, அதே நிலையில் இருக்கிற ஒருவர் வேண்டும். முன்னாள் ஊழியர் கூட்டம் என்று நான் சொல்வது அடிப்படையில் இதைத்தான்.

ஊரில் சொந்தபந்தம் இல்லையா, அவர்கள் உதவ மாட்டார்களா என்று கேட்கலாம். உதவுவார்கள், தங்களுக்குத் தெரிந்த வேலைக்கு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைக் கேட்டார். தகவல் தந்தவரை அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். எப்போதாவது, அபூர்வமாகப் பார்ப்போம் என்றவர்களே மீதிப் பேர். நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். தூரத்து அறிமுகம்தான் வேறு உலகத்துச் செய்தியைக் கொண்டுவரும். பாஸ்டன் பக்கத்து அலுவலக ஊழியர்களைப் பற்றிய முடிவை அப்படியே இங்கே ஒட்ட முடியாதுதான். ஆனால் நம் ஊரில் இன்னொரு காரணமும் சேர்கிறது. சொந்தம் என்பது சாதிக்குள் சுற்றுகிற வட்டம். ஒரே லைனில் நின்று, ஒரே ரூமில் சமைத்துச் சாப்பிட்டவர்களின் பழக்கம் அந்த வட்டத்தை மீறியது. ஆலை தந்தவற்றில் சம்பளத்துக்கு அடுத்தபடியாக விலைமதிப்புள்ளது அதுதான் என்பது என் கருத்து. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண் முதலில் இழப்பதும் அதைத்தான். செல்பேசி எண் மாறுகிறது, குரூப்பிலிருந்து பெயர் காணாமல்போகிறது.

இது தொழிற்சங்கத்தின் வேலை என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமானது. ஆனால் ஆலைச் சங்கம் ஆலையோடு கட்டப்பட்டது. கடைசி ஒப்பந்தம் கையெழுத்தானதும் சந்தா நிற்கிறது, அலுவலகம் பூட்டப்படுகிறது. ஒப்பந்தத் தொழிலாளிகள் பெரும்பாலும் அதில் உறுப்பினராகவே இருந்ததில்லை. இன்னொரு ஆட்சேபத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. இப்படிப்பட்ட கூட்டங்கள் சீட்டு பிடிப்பவருக்கும் 'சங்கிலி' வியாபாரக்காரருக்கும் நல்ல வேட்டைக்காடு. இழப்பீட்டுப் பணம் யாரிடம் இருக்கிறது என்பது கூட வேலை பார்த்தவருக்கு நன்றாகத் தெரியும். நம்பிக்கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் மோசடியும் வரும். அதனால்தான் இதை வெறும் வாட்ஸப் குரூப்பாக விட்டுவைக்கக் கூடாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்று, வரவுசெலவு காட்டும் அமைப்பாக அது இருந்தால், குறைந்தபட்சம் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கும்.

நிறுவனங்களால் இதற்கு உதவ முடியாது என்பதும் இல்லை. டிவிஎஸ் குழுமத்தின் சீனிவாசன் சேவை அறக்கட்டளை 1996-இல் தொடங்கப்பட்டது. பால்மாடு, மகளிர் சுயஉதவிக் குழு, நீர்வடிப்பகுதி என்று படவேட்டில் நீண்டகாலமாக வேலை செய்துவருகிறது. பெருநிறுவனம் மலையடிவாரக் கிராமம்வரை வர முடியும், நிலைத்து நிற்கவும் முடியும் என்பதற்கு அந்த ஊரே சாட்சி. ஆனால் இந்தக் கை நீள்வது கிராமத்தாருக்காக; வேலை முடிந்து ஊர் திரும்பிய தொழிலாளிக்காக நீளும் கை எந்த நிறுவனத்திடமும் எளிதில் காணக் கிடைப்பதில்லை. கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆலை மூடும்போது, சம்மதம் தந்தவர்களின் பெயர், திறன், ஊர், எண் அடங்கிய பட்டியலைத் தொழிலாளர் துறை வாங்கி வட்டவாரியாகப் பிரித்துவைக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, ஆடியில் ரேணுகாம்பாள் கோயிலுக்கு எல்லாரும் ஊர் திரும்புகிற நேரத்தில், பி.எஃப். அலுவலரும் வேலைவாய்ப்பு அலுவலரும் வட்டத் தலைமையிடமான போளூரில் ஒருநாள் உட்காரட்டும்.

இதில் அவசரம் இருக்கிறது. பழைய தொழிற்தகராறு சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்பில் போனவரின் மறுவேலை முன்னுரிமையை ஓராண்டுக்குச் சுருக்கிவிட்டது. மூடிய ஆலைகள் பெரும்பாலும் அந்தக் கெடுவுக்குள் திறப்பதில்லை. மறைமலைநகர் ஃபோர்டு 2022 ஜூலையில் கார் உற்பத்தியை நிறுத்தியது. 2025 அக்டோபரில்தான் அங்கே என்ஜின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய்க்குத் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. இழப்பீடு வாங்கிக்கொண்டு போன பழைய தொழிலாளிக்கு அந்த வேலையில் சட்டப்படி எந்த உரிமையும் இல்லை. நிலமும் சலுகையும் தருகிற அரசு, இதுபோன்ற ஒப்பந்தங்களில் ஒரு வரி சேர்க்கலாம்: ஆள் எடுக்கும் முன் பழைய பட்டியலுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று. அதற்கு முதலில் பட்டியல் இருக்க வேண்டும்.